சுழல் கீறலும் நாற்பது மைக்ரானும்

என் கார் கருநீலம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பகலில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் ராத்திரி பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு இறங்கினேன். தலைக்கு மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு. பானெட்டில் அந்த விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னிய மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள். வயிறு கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, எங்கள் அபார்ட்மென்ட்டில் தினமும் கார்களைத் துடைக்கும் அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, துணியை வட்டமா சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க. பெயின்ட் பூரா வட்டம் வட்டமா கோடு விழுந்திருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்பவும் நேராத்தான் சார் துடைப்பேன். வேணும்னா நாளைக்கு நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். முன்னும் பின்னுமாக, நேராகத்தான் துடைத்தார். அப்படியென்றால் வட்டம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் படித்ததும், பிறகு நானே ஒரு பாலிஷிங் மெஷின் வாங்கிச் செய்து பார்த்ததும், செய்த தப்பும்தான் இந்தக் குறிப்பு.

வட்டம் காரில் இல்லை

வீட்டில் இருக்கும் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் நார் போட்டுத் தேய்த்த தட்டாக இருந்தால் நல்லது. அதை ஒரு பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்டக் கோடுகள் தெரியும். இப்போது தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டத்தின் மையமும் கூடவே நகரும். தட்டில் நிஜமாகவே வட்டமாகக் கீறல் இருந்தால் அது எப்படி நகரும்?

விஷயம் இதுதான். கீறல் என்பது ஒரு குட்டிப் பள்ளம், நீளமான வாய்க்கால் மாதிரி. அந்த வாய்க்காலின் இரண்டு பக்கச் சரிவுகளும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்கே மட்டும்தான் சிதறடிக்கும். ஆகவே விளக்கின் பிம்பத்தை நோக்கி நீளவாக்கில் ஓடும் கீறல், ஒளியை இடதும் வலதுமாக வீசிவிடும்; உங்கள் கண்ணுக்கு வராது. பிம்பத்துக்குக் குறுக்கே, அதைச் சுற்றிப் போகிற மாதிரி கிடக்கும் கீறல் மட்டும் ஒளியை உங்கள் பக்கம் அனுப்பும். எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான கீறல்கள் இறைந்து கிடக்கும்போது, பிம்பத்தைச் சுற்றி வளைகிற மாதிரி கிடப்பவை மட்டும் மின்னும். கண் அவற்றைச் சேர்த்து வட்டமாகப் படித்துக்கொள்ளும். ராத்திரியில் தெருவிளக்கை மரக்கிளைகள் வழியாகப் பார்க்கும்போது, கிளைகள் விளக்கைச் சுற்றி வட்டமாக வளர்ந்த மாதிரி தெரிவதும் இதே காரணத்தால்தான்.

ஆக, சுழல் கீறல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுழலே இல்லை. நேராகத் துடைத்தாலும் நாளுக்கொரு கோணத்தில் கீறல் விழும். விளக்கடியில் அது வட்டமாகத்தான் தெரியும். அண்ணன் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அன்றைக்கே போய் ஒப்புக்கொண்டேன். "நான்தான் சொன்னேனே சார்" என்றதோடு அவர் விட்டுவிட்டார்.

ஆனால் கீறல் இருப்பது உண்மை. அதைப் போட்டது எது?

மணலும் துணியும்

துணி பெயின்ட்டைக் கீறாது. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தூசி கீறும். நம் ரோட்டுத் தூசியில் கணிசமான பங்கு மணல்பொடி, அதாவது குவார்ட்ஸ். ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7. சாதாரணக் கண்ணாடிக்கே சுமார் 5.5 தான். காரின் மேல் பூச்சோ ஒரு வகை பிளாஸ்டிக். மணலுக்கு முன்னால் அது வெண்ணெய் மாதிரி.

நம் ஊர் வழக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு ஒரு வாளி தண்ணீர், ஒரு துணி. அந்த ஒரே வாளியில் பத்துப் பதினைந்து கார். மூன்றாவது காருக்கு வரும்போதே வாளியின் அடியில் மண் தங்கிவிடும். துணியை அதில் முக்கிப் பிழிந்து, ராத்திரி முழுக்கத் தூசி படிந்த பானெட்டின் மேல் இழுத்தால், அது ரொம்ப நைஸான உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். வருஷத்துக்கு முந்நூறு நாளுக்கு மேல் இது நடக்கிறது. பெயின்ட் தாங்குவதே ஆச்சரியம்.

இதில் துடைப்பவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. "தினமும் துடைக்கணும்" என்று கேட்டது நாம். ஒரு காருக்கு ஒரு வாளி சுத்தத் தண்ணீர் கொடுக்காததும் நாம்தான்.

நாலு அடுக்கு

கீறல் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் அதை என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் பொதுவாக நாலு அடுக்கு இருக்கும். முதலில், காரின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் துருத் தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்த்து ரசிக்கும் பளபளப்பு முழுக்க இந்தக் கடைசி அடுக்கின் வேலை.

எல்லாம் சேர்ந்து, கார் கம்பெனியில் இருந்து வரும்போது தோராயமாக 100 முதல் 130 மைக்ரான் தடிமன் இருக்கும். சில கார்களில் இன்னும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது துருத் தடுப்பு, பிரைமர், நிறம், பளபளப்பு எல்லாம் சேர்த்து ஒரு தாள் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு.

இந்த 40 மைக்ரான் வெறும் அழகுக்கு இல்லை. இதில் புற ஊதாக் கதிரை விழுங்கும் ரசாயனங்கள் கலந்திருக்கும். கீழே இருக்கும் நிறத்துக்குக் குடை பிடிப்பது இதுதான். பல வருஷம் வெயிலிலேயே நின்ற கார்களில் கூரையும் பானெட்டும் தோல் உரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம். அதற்குப் பிறகு எந்த பாலிஷும் உதவாது. திரும்ப பெயின்ட் அடிப்பதுதான் வழி.

பழைய கார்களில் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. பேடில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்தால் கார் நிறம் பேடில் ஒட்டும். அந்த வகையில் அது சாதாரணம். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டினால் அது அபாயச் சங்கு.

கீறலை எடுக்க முடியாது

இதுதான் எனக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்த விஷயம். கீறல் என்பது ஒரு பொருள் இல்லை, அழுக்கு மாதிரி எடுத்துப் போட. அது ஒரு இல்லாமை. பள்ளத்தை எப்படி எடுப்பது? இரண்டே வழி. பள்ளத்தை நிரப்பலாம், அல்லது சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்கலாம்.

பலகையில் கத்தி கீறிவிட்டால் தச்சர் என்ன செய்வார்? இழைப்புளியால் பலகை முழுவதையும் ஒரு சுற்று இழைப்பார். கோடு போய்விடும், பலகை மெலிந்துவிடும். மெஷின் பாலிஷ் என்பது இதேதான். "கீறல் போச்சு" என்றால் "கீறல் ஆழத்துக்குக் கிளியர் கோட் போச்சு" என்று அர்த்தம்.

நல்லவேளையாக, துடைப்பதால் வரும் கீறல்கள் பெரும்பாலும் சில மைக்ரானுக்கு உள்ளேதான். மென்மையான பேடும் நைஸ் பாலிஷும் போட்டு ஒரு சுற்று செய்தால் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். கம்பளிப் பேடும் முரட்டு காம்பவுண்டும் என்றால் அதைவிட அதிகம். 40-ல் இரண்டு போனால் பரவாயில்லை. ஆனால் தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, விற்பதற்கு முன் ஒரு தடவை என்று போட்டுக்கொண்டே இருந்தால்? இது வட்டி போடாத வங்கிக் கணக்கு. எடுக்கத்தான் முடியும், போட முடியாது.

நகத்தை வைத்துக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது மிக ஆழம். அதை மெஷினால் சமன் செய்யப் பார்ப்பது, தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

நிரப்புகிற வித்தை

முதல் வழியான நிரப்புதலில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஒரு கடையில் விட்டேன், இரண்டு மணி நேரத்தில் கார் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. ஒரு மாதம், நாலு வாட்டர் சர்வீஸ். பழைய வலை அப்படியே திரும்பி வந்துவிட்டது. கூடவே வெயிலில் பார்த்தால் அலை அலையாகப் புதுக் கோடுகள்.

மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? காய்ந்ததும் தெரியும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. கிளியர் கோட்டுக்குச் சுமார் 1.5. இந்த வித்தியாசம் பெரிதாக இருப்பதால் பள்ளத்தின் சுவரில் ஒளி சிதறுகிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதன் எண் 1.33; வித்தியாசம் குறைகிறது, கீறலும் மங்குகிறது. எண்ணெயும் மெழுகும் கிளியர் கோட்டின் எண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பவை. அவை பள்ளத்தை நிரப்பினால் ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. ஷாம்பு போட்டுக் கழுவக் கழுவ எண்ணெய் போய்விடும், பள்ளம் மிச்சம்.

மெழுகு போடுவது தப்பில்லை. மெழுகைப் போட்டுவிட்டுக் கீறலை எடுத்தேன் என்று சொல்வதுதான் தப்பு. கண்டுபிடிப்பது சுலபம்: பாலிஷ் செய்த இடத்தை, தண்ணீர் கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் போன பிறகும் சுத்தமாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது.

அந்த அலை அலையான கோடுகளுக்கு ஹாலோகிராம் என்று பெயர். அதற்கும் சுழல் கீறலுக்கும் சம்பந்தமில்லை. அது மெஷினே போட்ட கோலம்.

இரண்டு வகை மெஷின்

டிங்கரிங் கடைகளில் பார்க்கும் மெஷின் ரோட்டரி. மோட்டார் சுற்றினால் பேடும் அதே அச்சில், நிமிஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் தடவை சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேறும். பேடில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரே மாதிரி வளைவில் திரும்பத் திரும்ப ஓடுவதால், அந்த வளைவுகள் பெயின்ட்டில் பதிந்துவிடும். ஹாலோகிராம் வருவது இப்படித்தான். கை தேர்ந்தவர் கடைசியில் நைஸ் பாலிஷால் அதை எடுத்துவிடுவார். அவசரத்தில் இருப்பவர் மெழுகால் மறைத்துவிடுவார்.

இரண்டாவது வகை டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. இதில் பேடின் மையம் மோட்டாரின் அச்சிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கும். மோட்டார் சுற்றும்போது பேடின் மையம் ஒரு சின்ன வட்டத்தில் ஓடும். அந்த வட்டத்தின் விட்டம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மெஷினுக்கு மெஷின் மாறும். அதோடு பேட் தன் அச்சிலும் தன்னிஷ்டத்துக்குச் சுற்றிக்கொள்ளும். கிரைண்டர் குழவி மாதிரி ஒரே தடத்தில் ஓடாமல், ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு வழியில் போகும். அதனால் கோலம் விழாது. இன்னொரு நல்ல குணம்: ரொம்ப அழுத்தினாலோ, விளிம்பில் சாய்த்தாலோ பேட் சுற்றுவதை நிறுத்திவிடும். வெறும் அதிர்வுதான் இருக்கும். பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று ஓடும்போதே தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு டி.ஏ.தான் சரி. நான் வாங்கியதும் அதுதான்.

பாலிஷில் இருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. மோஸ் அளவில் 9. கீறல் போட்ட மணலைவிடக் கடினமான பொருளை வைத்துத்தான் கீறலைச் சமன் செய்கிறோம்! வித்தியாசம் அளவில் இருக்கிறது. பாலிஷ் துகளும் கீறத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. இதை நியூட்டன் அன்றைக்கே சொல்லிவிட்டார். 1668-ல் தன் தொலைநோக்கிக்கான உலோகக் கண்ணாடியைத் தானே தேய்த்துச் செய்த மனிதர் அவர். 1704-ல் வந்த 'ஆப்டிக்ஸ்' புத்தகத்தில், பாலிஷ் போடுவது என்பது கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்குவதே தவிர வேறொன்றும் இல்லை என்ற கருத்தை எழுதியிருக்கிறார். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளம் அதைவிட நன்றாகக் குறைந்துவிட்டால் ஒளி சிதறாமல் நேராகத் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

செய்யும் முறை

முதலில் அளவு. பெயின்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது. இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டல் முறையிலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த வகைக் கருவி வேலை செய்யாது. இது காட்டுவது மொத்தத் தடிமன்தான், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. எண்ணும் இரண்டு மூன்று மைக்ரான் முன்னே பின்னே இருக்கும். ஒரே இடத்தில் நாலைந்து தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். என் காரில் கூரை 118, பானெட் 104, வலது கதவுகள் 110-ஐ ஒட்டி. இடது பின்கதவில் வைத்தால் 240! மறுபடி பெயின்ட் அடித்த கதவு. விற்றவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. எண் அதிகம் என்று அங்கே தைரியமாகத் தேய்க்கவும் கூடாது. அதில் கிளியர் கோட் எவ்வளவு, வெறும் பட்டி எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது.

அடுத்தது சுத்தம். ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகும் பெயின்ட்டைக் கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் ஒட்டியிருக்கும். அவற்றை எடுக்க களிமண் கட்டி மாதிரி ஒன்று விற்கிறார்கள். வழுக்குவதற்குத் தண்ணீரோ அதற்கான திரவமோ அடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் செய்யாமல் மெஷினை வைத்தால் அந்தத் துகளே பேடில் மாட்டிப் புதுக் கீறல் போடும்.

பிறகு மாஸ்கிங் டேப். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு, ரப்பர் பட்டை, பிளாஸ்டிக் பாகம் எல்லாவற்றுக்கும். இதை அலட்சியம் செய்ததற்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

நிழலில்தான் செய்ய வேண்டும், தகடு கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். நம் வெயிலில் நின்ற பானெட்டில் பாலிஷ் வைத்தால் தேய்க்கும் முன்பே காய்ந்து மாவாகிவிடும். நான் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்திக்கொள்வேன். மூன்று வார இறுதிகள் ஆயின.

எடுத்த எடுப்பில் முழுக் காரையும் செய்யக் கூடாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு சோதனைக் கட்டம். கையில் இருப்பதிலேயே மென்மையான பேடும் நைஸான பாலிஷும். அது போதவில்லை என்றால்தான் ஒரு படி முரட்டுத்தனம். பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு. மெஷினை ஆன் செய்யும் முன் பெயின்ட்டில் தடவிப் பரப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும், அனுபவம். பிறகு மெஷினின் எடையோடு கை எடை கொஞ்சம் சேர்த்து, நொடிக்கு ஒரு அங்குலம் போல நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடட்டும். ஒரு தடவை குறுக்காக, ஒரு தடவை நெடுக்காக; அப்படி இரண்டு சுற்று. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ஆல்கஹால் போட்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேடில் தேய்ந்த கிளியர் கோட்டும் பாலிஷும் சேர்ந்து அப்பிக்கொள்ளும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு பிரஷ் வைத்துத் தட்டிவிட வேண்டும்.

சோதனைக் கட்டத்தில் முக்கால்வாசிக் கீறல் போய்விட்டது. மிச்சம் ஆழமானவை. அங்கே ஆசை வந்தது. இன்னும் ஒரு சுற்று போட்டால் என்ன?

நான் செய்த தப்பு

இரண்டாவது வாரம், பானெட்டின் ஓரத்தில் இருக்கும் மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடிவாதமான கீறல். டேப் ஒட்டியிருந்தேன், ஆனால் கீறல் டேப்புக்கு அடியில் போனது. "ஒரு நிமிஷம்தானே" என்று டேப்பைப் பிரித்து, மெஷினைச் சாய்த்துப் பிடித்து அழுத்தினேன். டி.ஏ. நின்றுவிடும் என்று சொன்னேன் அல்லவா? தட்டையான இடத்தில் முழுசாக அழுத்தினால் நிற்கும். மடிப்பின் மேல் பேடின் ஒரு ஓரம் மட்டும் பட்டுக்கொண்டிருந்ததால் அது நிற்கவில்லை. மெஷினை எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பேடில் கருநீலம்.

விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் எப்போதும் மெல்லிசு. ஈரப் பெயின்ட் காயும்போது பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடுகிறது. அதே இடத்தில்தான் பேடின் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் குவிகிறது. மெல்லிய இடத்தில் அதிக அழுத்தம். முப்பது நொடி போதும். இப்போது அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கலான ஒரு தழும்பு. கீறலை ராத்திரி விளக்கில் தேடினால்தான் தெரியும். இது பட்டப்பகலில் தெரிகிறது.

அதன் பிறகு மிச்சக் கீறல்களைத் துரத்துவதை விட்டுவிட்டேன். காரின் மற்ற பாகங்களை மென்மையான பேடில் ஒரே சுற்றோடு முடித்தேன். கடைசியாகப் பானெட்டை அளந்தபோது சராசரி 102. கருவியின் பிழையைக் கழித்துப் பார்த்தால், ஓரிரு மைக்ரான் போயிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

மேலே ஒரு மெழுகு. செராமிக் கோட்டிங் போடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அது தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவதைச் சுலபமாக்கும்; அந்த அளவில் நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் வரும் '9எச்' என்ற எண் பென்சில் கடினத்தன்மைச் சோதனையில் வருவது, மோஸ் அளவில் 9 இல்லை. 9எச் பென்சில் கீறாது என்றால் மணல் கீறாது என்று ஆகிவிடாது.

மறுபடியும் வாளி

இவ்வளவு செய்துவிட்டுப் பழையபடி துடைத்தால் ஆறே மாதத்தில் வலை திரும்பிவிடும். அதனால் அண்ணனிடம் போனேன். மாதப் பணம் அதேதான், ஆனால் தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு நாள் கழுவினால் போதும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"துடைக்கலேன்னா, மத்த வீட்டுக்காரங்க நான் வேலை செய்யாம காசு வாங்கறேன்னு நினைப்பாங்க சார். செக்ரட்டரி கேப்பாரு."

எனக்கு இது தோன்றவே இல்லை. எனக்கு 40 மைக்ரான் பிரச்சினை. அவருக்குப் பத்து வீட்டு வேலை. தினமும் துடைத்த கார்தான் அவர் வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி.

பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் கார் கண்ணாடிகளையும் சக்கரத்தையும் மட்டும் ஈரத் துணியால் துடைப்பார். பார்ப்பவருக்குக் கார் துடைத்த மாதிரிதான் இருக்கும். பெயின்ட்டில் கை வைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றித் தூசியை இறக்குவார். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வருவார். அடிப்பாகத்துக்கு வேறு துணி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். அதனால் உடனே மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுப்பார். வாளியும் துணியும் நான் வாங்கிக் கொடுத்தேன். செக்ரட்டரியிடமும் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு, பக்கத்து ஃப்ளாட்காரரின் கருப்புக் காரையும் அவர் இரண்டு வாளி வைத்துக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "அந்த சாரும் கேட்டாரு" என்றார்.

அளந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். கூரை 118, பானெட் 104-லிருந்து 102, இடது பின்கதவு 240, மறு பெயின்ட். பானெட் மடிப்பில் கிளியர் கோட் இல்லை, அந்த இடத்தில் மெஷின் வைக்க வேண்டாம். என்றைக்காவது இந்தக் காரை விற்கும்போது, வாங்குபவரிடம் சாவியோடு அந்தத் தாளையும் கொடுப்பேன்.